மருந்தை எடுத்த பிறகு எழுவது: கேண்டிடா ஆரிஸ் ஆய்வுமேசை நாட்குறிப்பு

3.3.2025, திங்கள்

இந்தச் சுற்றுக்கு எடுத்திருப்பது கேண்டிடா ஆரிஸ். 2009-ல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து பிரித்தெடுத்து முதன்முதலில் விவரித்த பூஞ்சை. லத்தீனில் 'ஆரிஸ்' என்றால் காது. 2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் மிக அபாயமான நான்கில் இதுவும் ஒன்று. மிதக்கும் செல்லையே ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்து பெரும்பாலும் அசைப்பதில்லை. பெரிய ரத்தநாளத்தில் செருகும் சென்ட்ரல் லைன் குழாயின் உட்சுவரில் ஒட்டிப் படலமாகிவிட்டால் மற்ற மருந்துகளும் தடுமாறுகின்றன.

கேள்வி ஒன்றுதான்: மருந்து நின்ற பிறகு எது மறுபடி முளைக்கிறது?

மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியிலிருந்து எடுத்து, பூஞ்சை வளர்க்கும் சபூரோ அகாரில் கோடிழுத்தாயிற்று. 37 டிகிரியில் 48 மணி நேரம். இன்றே ஊடகமும் தயார். ஒரு லிட்டருக்கு ஆர்பிஎம்ஐ 1640 என்ற வளர்ப்பு ஊடகத் தூள் 10.4 கிராம் (குளுட்டமின் உள்ளது, பைகார்பனேட் இல்லாதது), பிஎச்-ஐ நிலைநிறுத்தும் மாப்ஸ் 34.53 கிராம். சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பிஎச் 7.0-க்குக் கொண்டுவந்து 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடிக்க வேண்டும். ஆட்டோகிளேவ் கூடாது, குளுட்டமின் சிதையும். பிஎச் நழுவினால் ஆம்ஃபோடெரிசின் என்ற பூஞ்சை மருந்தின் வீரியமும் நழுவும். பழைய புட்டியை ஒவ்வொரு முறையும் மறுபடி அளந்தே எடுக்கிறோம்.

5.3.2025, புதன்

ஒரு காலனியை 20 மிலி ஒய்பிடி திரவ ஊடகத்தில் விட்டு, 30 டிகிரி, நிமிடத்துக்கு 150 சுழற்சி, இரவு முழுக்க. 16 மணி நேரத்துக்கு மேல் விடுவதில்லை. கிழடான செல்கள் சரியாக ஒட்டாது.

6.3.2025, வியாழன்

3000 ஜி-யில் 5 நிமிடம் சுழற்றி, பிபிஎஸ் உப்புக் கரைசலில் இருமுறை கழுவி, ஆர்பிஎம்ஐ-யில் கலக்கி, ஹீமோசைட்டோமீட்டர் என்ற கட்டமிட்ட கண்ணாடியில் எண்ணி, மிலிக்கு 10 லட்சம் செல். குழிக்கு 100 மைக்ரோலிட்டர்.

எண்ணும் இடத்தில்தான் ஆரிஸ் ஏமாற்றும். சில வகைகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்கின்றன. வோர்டெக்ஸ் குலுக்கியில் எவ்வளவு ஆட்டினாலும் பிரியாது. கொத்தை ஒரு செல்லாக எண்ணினால் குழியில் போவது பல மடங்கு கூடிவிடும். வடிகட்டிக் கொத்துகளை நீக்கவும் மனமில்லை, அது அந்த வகையின் இயல்பையே வடிகட்டுவதாகும். ஆகவே கொத்தாகும் வகைகளையும் பிரியும் வகைகளையும் தனித்தனிப் பிளேட்டில் வைத்து, இரண்டையும் ஒப்பிடுவதைத் தவிர்க்கிறோம்.

96 குழிப் பிளேட்டின் ஓரக் குழிகள் 36-லும் வெறும் தண்ணீர். ஓரம் முதலில் வற்றும், வற்றினால் மருந்தின் செறிவு தானாக ஏறும். மிஞ்சுவது 60 குழி, பத்து நிரை: எட்டு மருந்து அளவு, மருந்தில்லாத ஒன்று, செல் இல்லாத ஒன்று. ஈரத்துணி வைத்த டப்பாவில் மூடி 37 டிகிரியில் 24 மணி நேரம்.

7.3.2025, வெள்ளி

கழுவுதல். இந்த ஒரு படியில்தான் அதிகமான பிளேட்டுகள் வீணாகின்றன. அதன் உறவுப் பூஞ்சையான கேண்டிடா ஆல்பிகன்ஸ் போல ஆரிஸ் நீண்ட இழைகளைப் பின்னுவதில்லை; படலம் மெல்லியது, பிடி தளர்வானது. பைபெட் முனையைச் சுவரில் சாய்த்து மெதுவாக உறிஞ்ச வேண்டும், அடியைத் தொடக் கூடாது. 200 மைக்ரோலிட்டர் பிபிஎஸ், மூன்று முறை, எப்போதும் சுவர் வழியாகவே. பல முனை கொண்ட மல்டிசானல் பைபெட்டை வேகமாக அழுத்தினால் நடுவில் வட்டமாகப் படலம் பெயர்ந்துவிடும். அதைக் கவனிக்காமல் விட்டால் பிறகு "மருந்து கொன்றது" என்று எழுத நேரும். கழுவியதும் தலைகீழ் நுண்ணோக்கியில் ஒவ்வொரு குழியையும் பார்த்து, பெயர்ந்ததைக் குறித்து நீக்குகிறோம்.

மருந்துகள், மைக்ரோகிராம்/மிலி கணக்கில்: ஆம்ஃபோடெரிசினும் காஸ்போஃபங்கினும் 16-லிருந்து 0.125 வரை, ஒவ்வொரு படியிலும் பாதி. ஃப்ளுகோனசோல் 1024-லிருந்து 8 வரை. முதல் இரண்டும் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் நூறு மடங்குக் கரைசல். குழியில் 1 சதவீதம் டிஎம்எஸ்ஓ, மருந்தில்லாக் குழியிலும் அதே 1 சதவீதம். ஃப்ளுகோனசோல் அவ்வளவு அடர்த்தியில் கரையாது. அதை நேராக ஆர்பிஎம்ஐ-யில் கரைக்கிறோம், எனவே அதற்கு டிஎம்எஸ்ஓ இல்லாத தனிக் கட்டுப்பாடு. ஆம்ஃபோடெரிசினுக்கு வெளிச்சம் ஆகாது. அலுமினியத் தாள்.

8.3.2025, சனி

எக்ஸ்டிடி சோதனை: உயிர்ப்புள்ள செல் நிறம் மாற்றும் சாயம். பிபிஎஸ்-ஸில் 0.5 மிகி/மிலி, வடிகட்டி, தாள் சுற்றி மைனஸ் 70-ல் இருந்தது. நிறமாற்றத்துக்கு உதவும் மெனாடியோன் அசிட்டோனில் 10 மில்லிமோலார். 10 மிலி எக்ஸ்டிடி-க்கு 1 மைக்ரோலிட்டர், அதையும் பயன்படுத்தும் நேரத்தில் மட்டும். மருந்தைக் கழுவி, குழிக்கு 100 மைக்ரோலிட்டர், இருட்டில் 2 மணி நேரம். 80 மைக்ரோலிட்டரைப் புதுப் பிளேட்டுக்கு மாற்றி 490 நானோமீட்டரில் வாசிப்பு. புதுப் பிளேட் எதற்கென்றால், அடியில் இருக்கும் படலமே ஒளியை மறைத்துக் கணக்கைக் கெடுக்கும்.

இந்த ஆரஞ்சு நிறம் செல்லின் வளர்சிதை மாற்றத்தைத்தான் காட்டுகிறது. சாவை அல்ல. தூங்கும் செல்லும் செத்த செல்லும் இங்கே ஒரே மாதிரித் தெரியும்.

10.3.2025, திங்கள்

ஃப்ளுகோனசோல் ஏன் தோற்கிறது என்பதை மாணவர்களுக்கு ஒரே காரணமாகச் சொல்லக் கூடாது. படலம் இளசாக இருக்கையில் மருந்தைச் செல்லிலிருந்து வெளியேற்றும் சிடிஆர்1 போன்ற பம்புகள். முதிர்ந்தபின் பீட்டா-1,3-குளுக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலி நிறைந்த கூழ் மருந்தை வழியிலேயே பிடித்து வைக்கிறது. உள்ளே போய்ச் சேர்வது சொற்பம். ஃப்ளுகோனசோல் சேர்ந்த அசோல் குடும்பம் பெருக்கத்தைத்தான் நிறுத்தும். அடியில் பெருகாமல் கிடக்கும் செல்லுக்கு அதனால் என்ன நஷ்டம்?

செல்சுவரின் குளுக்கனைத் தடுக்கும் காஸ்போஃபங்கினில் வேறு சிக்கல். சில வகைகளில் மிகை அளவில் வளர்ச்சி மறுபடி தலைதூக்கும். குளுக்கன் குறைந்ததும் சுவரில் கைட்டினைக் கூட்டிச் சமாளிக்கின்றன. இது எஃப்கேஎஸ்1 மரபணுவில் (குளுக்கன் செய்யும் நொதிக்கானது) 639-ஆம் இடத்துச் செரின் மாறிய உண்மையான எதிர்ப்பு அல்ல. பிரித்தறிய மரபணுவைப் படித்தே ஆக வேண்டும்.

12.3.2025, புதன்

இரு மருந்தை ஒரே பிளேட்டில் குறுக்கும் நெடுக்கும் வைக்கும் செக்கர்போர்டு. கணக்குக்கு ஒரு காட்டு: அடக்கத் தேவையான காஸ்போஃபங்கின் தனியாக 16, சேர்ந்து 2 என்றால் விகிதம் 0.125. ஆம்ஃபோடெரிசின் தனியாக 4, சேர்ந்து 1 என்றால் 0.25. கூட்டினால் 0.375, 0.5-க்குள் இருந்தால் கூட்டுவீரியம், 4-ஐத் தாண்டினால் பகை.

இரட்டிப்பு நீர்த்தலில் ஒரு குழி முன்பின் போவது சகஜம், அந்த ஒரு குழியே முடிவைப் புரட்டிப் போடும். தனியாக 16-லும் அடங்காத மருந்துக்கு "32" என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம். அந்த 32 ஊகம்தான். அதன் மேல் கட்டிய கூட்டுவீரியத்தை மூன்று தனித்தனி நாட்களில் ஒத்துவந்தாலொழிய நாங்கள் ஏற்பதில்லை.

14.3.2025, வெள்ளி

புதிய மருந்துகள். ஐப்ரெக்ஸாஃபங்கெர்ப் (அமெரிக்காவில் 2021 ஜூனில் பெண்ணுறுப்புக் கேண்டிடா தொற்றுக்கு அனுமதி பெற்ற வாய்வழி மருந்து) காஸ்போஃபங்கின் தாக்கும் அதே நொதியைத்தான் தாக்குகிறது. ஒட்டும் இடம் முழுக்க ஒன்றல்ல. அதனால் எஃப்கேஎஸ்1 மாறிய வகைகளில் சிலவற்றிலும் அது எடுபடுகிறது. 2023 மார்ச்சில் அனுமதி பெற்ற ரெசாஃபங்கின் வாரம் ஒருமுறை போதும் என்பது பெரிய வசதி. ஆனால் அதுவும் காஸ்போஃபங்கினின் எக்கினோகேண்டின் குடும்பம்; அந்த மாற்றமே அதையும் பாதிக்கும்.

எங்கள் நம்பிக்கை அதிகமாக இருப்பது ஃபோஸ்மனோகெபிக்ஸ் மேல். ஜிடபிள்யூடி1 நொதியை முடக்கி, சுவரில் நங்கூரமிடும் புரதங்களைத் தடுக்கிறது. ஒட்டுவதற்கே அந்தப் புரதங்கள் வேண்டும். பிளேட்டில் அதை அப்படியே ஊற்றிப் பயனில்லை. அது முன்மருந்து, உடலின் பாஸ்படேஸ் நொதி வெட்டிய பிறகே செயல்படும். வாங்க வேண்டியது மனோகெபிக்ஸ்.

17.3.2025, திங்கள்

மஞ்சள், வேம்பு, பூண்டு என்று மூலிகைச் சாறுகள் பரிசோதனைக்கு நிறைய வருகின்றன. அக்கறையோடுதான் அனுப்புகிறார்கள், ஆகவே அதே அக்கறையோடு சோதிக்க வேண்டும். பாலிஃபீனால்கள் எக்ஸ்டிடி-யைச் செல் இல்லாமலே நிறம் மாற்றும். குர்குமினுக்குச் சொந்த மஞ்சள் நிறம் வேறு. சாறு மட்டும், செல் இல்லாத குழி ஒன்று எல்லா அளவிலும் இல்லையென்றால் அந்த எண்களைத் தூக்கிப் போடலாம்.

இன்னொன்று: செல்லோடு சேர்த்தே சாற்றை ஊற்றிப் படலம் உருவாகாமல் தடுத்தது வேறு, 24 மணி நேரம் முதிர்ந்ததைக் கரைத்தது வேறு. நோயாளியின் குழாயில் படலம் ஏற்கெனவே இருக்கிறது.

19.3.2025, புதன்

சிலிக்கோன் குழாயை 1 செமீ துண்டுகளாக வெட்டி, ஒரு இரவு கன்றின் சீரத்தில் ஊறவைத்து (வெற்றுச் சிலிக்கோனைவிட உடலுக்கு நெருக்கம்), 90 நிமிடம் செல்லோடு ஒட்டவிட்டு, கழுவி, புது ஆர்பிஎம்ஐ-யில் 48 மணி நேரம். வெள்ளியன்று மருந்து, 24 மணி நேரம்.

22.3.2025, சனி

துண்டுகளை மும்முறை கழுவி, பாதியைச் சுரண்டி 5 நிமிடம் சோனிகேட்டர் தொட்டி, பத்துப்பத்தாக நீர்த்து, அகாரில் 48 மணி நேரம். மூன்று லாக் குறைவு என்றால் ஆயிரத்தில் ஒன்று மிச்சம். கழுவாமல் தடவினால் ஒட்டி வந்த மருந்து அகாரிலும் வேலை செய்து பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

மறுபாதி மருந்தில்லாத புது ஊடகத்தில், 37 டிகிரியில். மேசையைத் துடைத்தது சோடியம் ஹைப்போகுளோரைட்டில். குவாட்டர்னரி அமோனியம் திரவங்களை ஆரிஸுக்கு நம்ப முடியாது.

24.3.2025, திங்கள்

காஸ்போஃபங்கின் 16 கண்ட துண்டுகளில் எக்ஸ்டிடி நிறம் ஏறக்குறைய இல்லை. அதே மருந்து கண்டு புது ஊடகத்தில் இருந்த ஆறு துண்டுகளில் நான்கு கலங்கியிருக்கின்றன. அந்த நான்கிலிருந்தும் கோடிழுத்திருக்கிறோம். எஃப்கேஎஸ்1 படிக்க டிஎன்ஏ நாளை எடுக்கலாம்.