வெயில் இறங்கும் சரிவு

ஜூலை 9

கிரான் பாரடிசோ தேசியப் பூங்கா, இத்தாலிய ஆல்ப்ஸ். 2,000 மீட்டருக்குச் சற்று மேலே, மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும் இடம். காலை ஆறு மணிக்கு எதிர் மலையின் நிழல் இன்னும் விலகவில்லை. நீலன்கள் எனப்படும் சிறு வண்ணத்துப்பூச்சிகள் புல் தண்டுகளில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. முழங்கையை ஈர மண்ணில் ஊன்றி, மூடிய இறக்கைக்கு இணையாக 100 மி.மீ. மேக்ரோ லென்ஸைப் பிடித்தேன். சாம்பல் நிறத்தில் கரும்புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி வெண்வளையம், ஓரத்தில் ஆரஞ்சுப் பிறைகள், உணர்கொம்பு நுனியில் ஒரு பனித்துளி. எல்லாம் துல்லியம். ஆனாலும் பெட்டியில் ஊசி குத்திவைத்த பூச்சி போலத்தான் இருக்கிறது படம். பூச்சிகளைக் குளிர்சாதனப் பெட்டியில் விறைக்க வைத்துப் படமெடுப்பவர்களும் உண்டு. அந்தப் பிழைப்புக்கு வெறும் புல்லைப் படமெடுக்கலாம்.

ஜூலை 10

மேகம். எதுவும் பறக்கவில்லை.

ஜூலை 11

ஒன்பதரைக்கு வெயில் சரிவில் இறங்கியது. முதலில் எழுந்தவை எரீபியாக்கள் என்ற மலை வண்ணத்துப்பூச்சிகள். கரும்பழுப்பு இறக்கை வெப்பத்தை வேகமாக வாங்கிக்கொள்கிறது. ஆனால் ஒரு மேகத் துண்டு குறுக்கிட்டதும் அத்தனையும் புல்லுக்குள் விழுந்து மறைந்துவிட்டன.

பிறகு அப்போலோ வண்ணத்துப்பூச்சி! பாறை மேல் இறக்கைகளைத் தட்டையாக விரித்துக் குளிர்காய்ந்தது. உடலெங்கும் மயிர், இறக்கையின் அடிப்பகுதியில் கருமை: இரண்டும் வெயிலைப் பிடிக்கத்தான். பின்னிறக்கையில் கருவளையமிட்ட சிவப்புப் புள்ளிகள். முன்னிறக்கை ஓரத்தில் செதில்கள் குறைவு. அதன் வழியே பாறையின் பாசி தெரிந்தது. வயிற்றின் அடியில் பழுப்பு நிற மூடி ஒன்று. ஆக, பெண். இணைசேர்ந்ததும் ஆண் சுரந்து ஒட்டிவிடும் ஸ்பிராகிஸ் அது. வேறு ஆண் நெருங்காதிருக்கப் போடும் பூட்டு. இந்த இனத்தின் புழுக்களுக்கு உணவாகும் செடம் செடி பக்கத்துப் பாறை இடுக்கிலேயே இருந்தது. முட்டையிடும் என்று காத்திருந்தேன். இடவில்லை. சட்டென்று எழும்பி, இறக்கை அடிக்காமலே சரிவில் வழுக்கிப் போய்விட்டது. கிளம்பிய நொடியில் எடுத்த படத்தில் ஓர் இறக்கை கலங்கியிருக்கிறது. எனக்குப் பிடித்த படம் அதுதான்.

ஜூலை 12

ஓடையோரச் சேற்றில் நீலன்களின் கூட்டம், பெரும்பாலும் ஆண்கள். உறிஞ்சுகுழலை மண்ணில் நுழைத்து உப்பை எடுக்கின்றன. வியர்வை ஊறிய கேமரா வார் அவற்றுக்கு இன்னும் உசத்தி போலும். ஒன்று அதில் உட்கார்ந்து நகரவே இல்லை. கேமராவைத் தூக்க மனம் வரவில்லை.

நாளை ஓடையின் மேற்பகுதி. அங்கே மஞ்சள் சாக்ஸிஃப்ரேஜ் செடி அடர்ந்திருக்கிறது. சிறிய அப்போலோ என்ற இன்னோர் இனத்தின் புழுக்கள் தின்பது அதைத்தான். உணர்கொம்பில் கறுப்பும் வெள்ளையுமாக வளையங்கள் பளிச்சென்று தெரிந்தால் அதுவே. முன்னிறக்கையிலும் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.