மூன்று மாலை, ஒரு மாட்டுவண்டிச் சக்கரம்

ஒருவழியாகச் சக்கரம் சுற்றிவிட்டது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு மூன்று மாலை ஆகியிருக்கிறது.

பிளெண்டர் என்ற 3டி அனிமேஷன் மென்பொருளில் மாடலிங் (உருவம் செய்வது), கீஃப்ரேம் (எந்த ஃப்ரேமில் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்று குறிப்பது) எல்லாம் எனக்கு வரும். அதற்குள் ஸ்கிரிப்ட் எழுதப் பயன்படும் பைத்தான் நிரல்மொழிப் பக்கம் மட்டும் எட்டிப் பார்த்ததில்லை. தெரிந்த சீனியர் அண்ணன் ஒருவர், "முடிஞ்ச ஃபைல் ஒண்ணு தர்றேன், பிரிச்சுப் பாரு, தானா புரியும்" என்று பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். செம்மண் சாலையில் போகும் மாட்டுவண்டி. 12 விநாடி, அதாவது விநாடிக்கு 24 வீதம் 288 ஃப்ரேம். வண்டியை நகர்த்துவது கீஃப்ரேம். சக்கரத்தைச் சுற்றுவது ஸ்கிரிப்ட்.

ஃபைலைத் திறந்ததும் ஏதோ எச்சரிக்கைப் பெட்டி வந்தது. படிக்காமலே 'இக்னோர்' தட்டினேன். (இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) உள்ளே வண்டி, சாலை, மாடு எல்லாம் பளீரென்று பிங்க். வண்டி நகர்ந்தது, சக்கரம் சுற்றாமல் சறுக்கிக்கொண்டே போனது. பிங்க் என்றால் டெக்ஸ்சர் படங்கள் (பொருளின் மேல் போர்த்தும் படங்கள்) ஃபைலோடு வரவில்லை என்று தெரியும். அதனால்தான் சக்கரமும் நிற்கிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ரெண்டு பஸ் மாறிப் போய் அண்ணனிடம் டெக்ஸ்சர் ஃபோல்டரைக் கேட்டால், "சக்கரம் சுத்த டெக்ஸ்சர் எதுக்குடா?" என்று சிரித்தார். காப்பி போட்டுக் கொடுத்தது மட்டும் நல்ல விஷயம். வீட்டுக்கு வந்து டெக்ஸ்சரை மாட்டினேன். மாடு வெள்ளை ஆனது. சக்கரம் அப்படியேதான்.

அதற்குப் பிறகுதான் ஊதா நிறத்தில் இருந்த சக்கரத்தின் ரொட்டேஷன் (சுழற்சிக் கோணம்) கட்டத்தைக் கவனித்தேன். ஊதா என்றால் அதை ஒரு டிரைவர் (மதிப்பைத் தானாகக் கணக்கிட்டுத் தரும் சூத்திரம்) ஓட்டுகிறது என்று பொருள். ரைட் கிளிக் செய்து 'எடிட் டிரைவர்' போனால், பாதுகாப்புக்காகப் பைத்தான் தடுக்கப்பட்டிருக்கிறது என்று உள்ளேயே எழுதியிருக்கிறது! நான் இக்னோர் செய்த பெட்டி சொன்னதும் இதைத்தான். திரும்பத் திறக்கும்போது 'டிரஸ்டட் சோர்ஸ்' டிக் செய்தால் போதும். ஆனால் முன்பின் தெரியாதவர் ஃபைல் என்றால் முதலில் தடுத்தபடியே திறந்து, டெக்ஸ்ட் எடிட்டரில் ஸ்கிரிப்டைப் படித்துவிடுங்கள். எல்லா ஃபைலுக்கும் நிரந்தரமாக அனுமதி கொடுக்கும் டிக்கைத் தொடவே வேண்டாம்.

ஸ்கிரிப்ட் மொத்தமே நாலைந்து வரி. ஒரு ஃபங்ஷன்: வண்டி போன தூரத்தை வாங்கி, சக்கரத்தின் ஆரத்தால் வகுத்துத் திருப்பித் தருகிறது. அவ்வளவுதான். எனக்கோ சந்தேகம். சுற்றளவு எங்கே? பை (π) எங்கே? 360 எங்கே? அண்ணன் அவசரத்தில் விட்டுவிட்டார் என்று நினைத்து, பள்ளிக்கூடக் கணக்கைப் புகுத்தினேன்: தூரத்தை 2 பை ஆரத்தால் வகுத்து 360 ஆல் பெருக்கு.

எதுவும் மாறவில்லை. இதில் ஒரு மணி நேரம் போனது. எழுத்தை மாற்றினால் மட்டும் போதாது. ஆல்ட் + பி அழுத்தி ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினால்தான் புது ஃபங்ஷன் பதிவாகும். அதுவரை பழையதுதான் ஓடும்.

ஓட்டினேன். சக்கரம் பேய் பிடித்ததுபோல் துடித்தது. சோதிக்க டிரைவரில் வெறும் 90 என்று போட்டேன். கட்டத்தில் 5156.6 டிகிரி! அப்போதுதான் உறைத்தது. திரையில் காட்டுவது டிகிரி, உள்ளே ஓடுவது ரேடியன், கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு. ஒரு ரேடியன் என்றால் ஏறத்தாழ 57.3 டிகிரி. தூரத்தை ஆரத்தால் வகுத்தால் வருவதே ரேடியன்தான், அதனால்தான் அண்ணனுக்குப் பை தேவைப்படவில்லை. பத்தாம் வகுப்பு தாண்டி இத்தனை வருஷத்துக்குப் பிறகு ரேடியன் என்னத்துக்கு என்று இப்போதுதான் தெரிகிறது.

பழைய வரியைத் திரும்பப் போட்டு, வண்டியைப் பின்னால் இழுத்தேன். சக்கரமும் பின்னால் சுற்றியது. நிறுத்தினால் நின்றது. பத்து நிமிஷம் இதையே இழுத்து விளையாடிக்கொண்டிருந்தேன்.

நேற்று நானே குழந்தைகளுக்கான மூன்று சக்கரச் சைக்கிள் ஒன்று செய்தேன், முன்சக்கர ஆரம் 0.3, பின்சக்கர ஆரம் 0.15. அதே ஃபங்ஷன், ஆரம் மட்டும் வேறு. பின்சக்கரம் சரியாக இரட்டை வேகத்தில் ஓடியது. மிரர் செய்த (கண்ணாடிப் பிம்பம்போல் நகலெடுத்த) இடப்பக்கப் பின்சக்கரம் மட்டும் எதிர்த்திசையில் சுற்றுகிறது. ஒரு மைனஸ் போட வேண்டும். அண்ணனுக்கு ஃபோன் பண்ணாமலே கண்டுபிடித்துவிட்டேன்.