ஔவையைத் தேடினேன், கிடைக்கவில்லை

முதுகலைத் தமிழ் முதலாம் ஆண்டில், சங்ககாலப் பெண்பாற் புலவர்களைப் பற்றிய ஒப்படைப்பு ஒன்றை நானும் என் வகுப்புத் தோழியர் மூவரும் சேர்ந்து எழுத வேண்டியிருந்தது. ஒருத்தி கும்பகோணத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து போகிறவள். இன்னொருத்தி விடுதியில் இருப்பவள். நால்வரும் ஒரே மேசையில் உட்கார நேரம் வாய்க்காததால், கூகுள் டாக்ஸில் ஒரு கோப்பைத் திறந்து ஆளுக்கொரு பகுதியை எடுத்துக்கொண்டோம். ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு, ஔவையாரின் பெயர் எங்கெங்கே வருகிறது என்று பார்ப்பதற்காக ‘ஔவை’ என்று தேடினேன். மூன்று இடங்களை மட்டுமே காட்டியது. ஆனால் தோழி எழுதிய பகுதியில் பத்திக்குப் பத்தி ஔவையார் இருந்தார். அதே திரையில், என் கண்முன்னே இருந்தார்.

நெடுநேரம் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. நான் ‘ஔ’ என்னும் ஓரெழுத்தைத் தட்டியிருந்தேன். அவள் ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டியிருந்தாள். தாளில் அச்சிட்டால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஒருங்குறி (யூனிகோடு) முறையிலோ ‘ஔ’வுக்குத் தனியாக ஓர் எண் உண்டு, ‘ஒள’ என்பதற்கு இரண்டு எண்கள். தேடும்போது கணினி எண்களைத்தான் ஒப்பிடுகிறது, உருவத்தை அன்று. ‘கௌ’, ‘பௌ’ முதலிய எல்லா ஔகார உயிர்மெய்களுக்கும் இதே தொல்லை உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். எழுத்தை ஒலியாகவும் வடிவாகவும் மட்டுமே படித்து வந்த எனக்கு, அது எண்ணாகவும் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அங்கிருந்து, நான்கு பேர் ஒரே நேரத்தில் தட்டினாலும் வரிகள் ஏன் கலைந்துபோவதில்லை என்ற கேள்வி தொற்றிக்கொண்டது. ‘நல்ல நூல்’ என்ற வரியின் தொடக்கத்தில் நான் ‘மிக’ என்ற சொல்லைச் சேர்க்கிறேன், அதே நொடியில் தோழி வரியின் இறுதியில் ஒரு சொல்லைச் சேர்க்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய கணினி அனுப்பும் இட எண் பழைய வரிக்குரியது. அதை அப்படியே ஏற்றால் அவளுடைய சொல் ‘நூல்’ என்பதற்கு முன்னே போய் விழும். ஆகவே, என் மாற்றத்தில் எத்தனை குறிகள் நுழைந்தனவோ அத்தனை இடம் அவளுடைய மாற்றத்தைத் தள்ளிவைக்க வேண்டும். ‘ம’, இகரக் குறி, ‘க’, இடைவெளி என்று நான்கு இடங்கள். 1989-இல் எல்லிஸ், கிப்ஸ் என்ற ஆய்வாளர் இருவர் முன்வைத்த வழி இது; கூகுள் டாக்ஸ் போன்ற கருவிகள் இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன. ‘தமிழ்’ என்ற சொல் நமக்கு மூன்றெழுத்து, இந்தக் கணக்கில் ஐந்து.

பலர் ஒரே ஆவணத்தில் ஒரே நேரத்தில் எழுதும் இந்தக் கனவு இன்னும் மூத்தது. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் தம் கணினி முறையை மேடையில் செய்து காட்டியபோது, ஏறத்தாழ 30 மைல் தொலைவில் மென்லோ பார்க்கில் இருந்த சக ஆய்வாளருடன் ஒரே ஆவணத்தை ஒரே வேளையில் திரையில் கையாண்டார். சுட்டெலியைப் பொதுமக்கள் முன்பு காட்டியதும் அந்த மேடையில்தான்.

இவ்வளவு நுட்பத்துக்கும் பிறகு எங்கள் ஒப்படைப்பில் நடந்தது என்ன? நால்வரும் ஒரே கோப்பில் இருந்தோம், ஆனால் ஒருத்தி எழுதியதை மற்றவள் படிக்கவில்லை. படித்திருந்தால் ‘ஒளவை’ முதல் நாளே அகப்பட்டிருக்கும். பேராசிரியர் அதைச் சுட்டிக்காட்டியபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அச்சு நூல்களைத் தன்னார்வலர்கள் கூடி மின்னுரையாக்கும் தளமான தமிழ் விக்கிமூலத்தின் பக்கம் என்னைத் திருப்பிவிட்டவரும் அவர்தாம்.

இணையத்தில் தமிழர்கள் கூடிச் செய்த நூற்பணிக்கு நீண்ட வரலாறு உண்டு. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்திய மதுரைத் திட்டம் 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கியது. ஆளுக்கொரு குறியாக்கத்தில் எழுத்துருக்கள் உலவிய அந்தக் காலத்தில், வெவ்வேறு நாடுகளிலிருந்த தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சு செய்து, மின்னஞ்சல் வழியே பரிமாறி, பிழை திருத்தி வெளியிட்டார்கள். என் ஒப்படைப்புகளுக்கு நான் எடுத்தாளும் இலக்கிய மின்னுரைகளில் பெரும்பகுதி அவர்கள் உழைப்பு. பின்னாளில் தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களை எண்ணிமப்படுத்திப் பொதுப் பயன்பாட்டுக்கு வழங்க, 2,000-க்கும் மேற்பட்ட நூல்கள் விக்கிமூலத்துக்கு வந்து சேர்ந்தன.

விக்கிமூலத்தில் இடப்பக்கம் உரையும் வலப்பக்கம் அச்சுப் பக்கத்தின் படிமமும் அருகருகே திறக்கின்றன. படிமத்திலிருந்து எழுத்துகளைப் படித்தெடுக்கும் மென்பொருளான எழுத்துணரி தந்த உரையை மட்டும் கொண்ட பக்கத்துக்குச் சிவப்பு. ஒருவர் படிமத்தோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்த்துவிட்டால் மஞ்சள். இரண்டாமவர் மறுபடியும் சரிபார்த்தால் பச்சை. மஞ்சளாக்கியவரே அந்தப் பக்கத்தைப் பச்சையாக்க மென்பொருள் இடம் கொடுப்பதில்லை. இந்த ஒரு விதிக்காகவே இந்தக் கருவியின் மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. எங்கள் கோப்பில் இல்லாமல் போன இரண்டாவது கண்ணை இது கட்டாயமாக்குகிறது.

நான் எடுத்துக்கொண்டது 1950-களில் அச்சான ஒரு கட்டுரைத் தொகுப்பு. பெரியார் 1935 முதல் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட எழுத்து வடிவங்களில் சிலவற்றை, 13 உயிர்மெய்களுக்கு, தமிழக அரசு 1978-இல்தான் ஏற்றது; ஆகவே என் நூலில் ‘லை’, ‘னை’, ‘ணை’, ‘ளை’ எல்லாம் தும்பிக்கை போல் வளைந்த பழைய வடிவத்தில் இருந்தன. எழுத்துணரிக்கு அந்தத் தும்பிக்கை பிடிபடவில்லை. ‘இல்லை’ என்பது ‘இல்லே’ ஆனது, ‘யானை’ என்பது ‘யானே’ ஆனது. ‘யானே’ என்பதும் நல்ல தமிழ்ச்சொல் ஆதலால் எந்தச் சொற்திருத்தியும் அதைப் பிடித்துத் தராது. காட்டைப் பற்றிய கட்டுரையில் வந்ததால் நான் தப்பித்தேன். அகப்பாடலை விளக்கும் கட்டுரையாக இருந்திருந்தால் தலைவியின் கூற்றென்றே கடந்து போயிருப்பேன். முன்னுரைப் பக்கங்களின் எண்கள் தமிழில் இருந்தன. ‘௧’ என்ற ஒன்றும் ‘க’ என்ற எழுத்தும் கண்ணுக்கு ஒன்றே; ‘௭’ என்ற ஏழும் ‘எ’யும் அப்படியே. மறுபடியும் என் ஔவைச் சிக்கல்!

பொறியியல் படிக்கும் என் தம்பியிடம் பைத்தான் கற்றுக்கொண்டு, ஒற்றைக் கொம்பும் ‘ள’வும் சேர்ந்து வரும் இடங்களையெல்லாம் ஔகாரமாக மாற்றும் சிறு நிரல் ஒன்றை எழுதினேன். ‘பெளர்ணமி’ அழகாகப் ‘பௌர்ணமி’ ஆயிற்று. ஆனால் ‘தெளிவு’ என்ற சொல் வந்த இடமெல்லாம் சிதைந்தது. ‘வெளியில்’, ‘கெளுத்தி’ எதுவும் மிஞ்சவில்லை. ‘ள’வுக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் தொடாதே என்று விதியைத் திருத்தினேன். அதன் பிறகும், கட்டுரைக்குள் ஒரு கிழவர் ‘வெளங்காத பய’ என்று பேசும் இடத்தில் ‘வௌங்காத பய’ என்று மாற்றி வைத்தது. இப்போது அந்த நிரல் எதையும் மாற்றுவதில்லை; ஐயத்துக்குரிய இடங்களுக்கு வண்ணம் மட்டும் பூசுகிறது, மாற்றுவது நான்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளையும் விட்டுவைக்கவில்லை. பிழை மலிந்த ஒரு பக்கத்தைக் கொடுத்துத் திருத்தச் சொன்னேன். சில நொடிகளில் ஒரு பிழைகூட இல்லாத, சரளமான பக்கம் வந்தது. மகிழ்ந்துபோய், படிமத்தோடு ஒப்பிடாமல், மேலோட்டமாகப் படித்துவிட்டு மஞ்சளாக்கினேன். இரண்டு நாள் கழித்து, முகமறியாத மூத்த பங்களிப்பாளர் ஒருவர் என் பேச்சுப் பக்கத்தில் எழுதியிருந்தார்: “வணக்கம். 47-ஆம் பக்கத்தில் நூலாசிரியர் ‘ஓர் மரம்’ என்று எழுதியிருக்கிறார். தாங்கள் ‘ஒரு மரம்’ என்று மாற்றியிருக்கிறீர்கள். படிமத்தைப் பார்த்தீர்களா?”

பார்த்தேன். ‘ஓர் மரம்’ மட்டும் அன்று. ‘சாலவும்’ என்பது ‘மிகவும்’ என்றும் ‘வந்தாரில்லை’ என்பது ‘வரவில்லை’ என்றும் மாறியிருந்தன. மை மங்கிய ஒரு வரி முழுவதும் காணாமற்போய், அதற்கு முன்னும் பின்னும் இருந்த வாக்கியங்கள் தையல் தெரியாமல் இணைக்கப்பட்டிருந்தன. எழுத்துணரியின் பிழை ‘இல்லே’ என்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். பெரும்பாலும் கண்ணில் படும். உரையாடியின் பிழையோ நல்ல தமிழில் இருக்கிறது, அதனால்தான் அது எனக்கு அச்சமூட்டுகிறது. எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் ஆசிரியரின் நடையை நானே என் கையால் அழித்துவிட்டு, அதற்குச் ‘சரி’ என்று முத்திரையும் குத்தியிருக்கிறேன்.

அந்தப் பெரியவர் அதைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், படிமம் பக்கத்திலேயே இருந்ததும், பக்கத்தின் வரலாற்றில் எழுத்துணரியின் பழைய உரை அழியாமல் கிடந்ததும், எந்த மாற்றத்தை யார் செய்தார் என்று என் பெயரோடு பதிவாகியிருந்ததும்தான். புதிய கருவி எது வந்தாலும் இந்த மூன்றும் அதில் உண்டா என்றுதான் இப்போது முதலில் பார்க்கிறேன். உரையாடியை அடியோடு ஒதுக்கிவிடவில்லை. ‘இந்தப் பக்கத்தில் பிழையாக இருக்கக்கூடிய சொற்களைப் பட்டியலிடு, எதையும் திருத்தாதே’ என்று கேட்கும்போது உண்மையாகவே உதவுகிறது. ‘யானே’யைக் காட்டில் வைத்து ஐயப்பட்டது அது ஒருமுறை.

தோழியர் மூவரையும் இதற்குள் இழுத்துவிட்டேன். நான் மஞ்சளாக்கும் பக்கங்களைக் கும்பகோணத்துத் தோழி பேருந்தில் கைப்பேசியிலேயே சரிபார்க்கிறாள். அவள் மஞ்சளாக்குவதை நான் பார்க்கிறேன். 47-ஆம் பக்கத்தை முதல் வரியிலிருந்து மீண்டும் தட்டினேன், அது பச்சையாகிவிட்டது. 112-ஆம் பக்கத்தில் மட்டும் ஒரு சொல் மீது மை சிந்தியிருக்கிறது. முதலெழுத்து ‘க’ என்று தெரிகிறது, கடைசியில் ஒரு புள்ளி தெரிகிறது. இடையில் இருப்பது ‘ட’வா ‘ப’வா என்று எங்கள் நால்வருக்கும் படிக்க வரவில்லை. கடல் என்றாலும் கப்பல் என்றாலும் அந்த வாக்கியத்துக்குப் பொருள் வரும். அச்சுப் பிரதி ஏதாவது ஓர் ஊர் நூலகத்தில் இருக்கக்கூடும் என்று குறிப்பு எழுதி, அந்தப் பக்கத்தைச் சிவப்பாகவே விட்டு வைத்திருக்கிறேன்.