சளி டப்பாவும் சாத்திய ஜன்னலும்

போன வாரம்தான் அப்பாவின் டிபி (காசநோய்) மாத்திரை முடிந்தது. 6 மாதம். அரசு மருத்துவமனையில் எல்லாம் இலவசம், ஒரு நாள்கூட மாத்திரை இல்லை என்று சொல்லவில்லை. சிக்கலெல்லாம் அதற்கு முன்னால்.

3 வாரமாக இருமினார். பரிசோதனைக்கு டப்பா கொடுத்தார்கள். எப்படி எடுப்பது என்று யாரும் சொல்லவில்லை. 2 பஸ் மாறிக் கொண்டு போனால், கவுன்ட்டரில் இருந்தவர் டப்பாவைத் தூக்கிப் பார்த்து, "இது எச்சில், சளி இல்ல" என்று தள்ளிவிட்டார். அப்புறம் என்ன செய்ய என்றால், "சளி கொண்டு வாங்க." வரிசையில் நின்ற ஒரு பாட்டிதான் விளக்கினார்: காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்து, மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சிலிருந்து இருமித் துப்ப வேண்டும். வீட்டுக்குள் கூடாது, ஆளில்லாத மொட்டை மாடியில். மறுநாள் டப்பா தேறியது, டிபி என்று வந்தது.

அன்றே அம்மா தட்டு, டம்ளரைத் தனியாக வைத்தார். சித்தி போர்வையை எரிக்கச் சொன்னார். அப்பா படுத்திருந்ததோ ஏசி அறையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு. பக்கத்தில் என் 4 வயது மகள்!

வீட்டுக்கு வந்த சுகாதாரப் பணியாளர் தட்டைப் பார்த்துச் சிரித்தார். இருமும்போது தெறிக்கும் பெரிய துளி கீழே விழுந்துவிடும். சிறு துளி காற்றிலேயே உலர்ந்து, சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) அளவில் கிருமியோடு மணிக்கணக்கில் மிதக்கும். நுரையீரலின் அடிவரை போவது அதுதான். தட்டிலும் துணியிலும் ஒட்டியது அப்படிக் கிளம்பி வராது. வெயில் பட்டால் கிருமி சாகும், ஜன்னல் திறந்திருந்தால் கலைந்துவிடும். எங்கள் ஸ்ப்ளிட் ஏசியோ அறைக் காற்றையே சுற்றிச் சுற்றி விட்டது. 1950களில் சென்னையில் நடந்த ஆய்விலேயே, வீட்டில் இருந்து மருந்து சாப்பிட்டவர்களின் குடும்பத்துக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று தெரிந்துவிட்டதாம். பரவுவது பெரும்பாலும் மருந்து தொடங்கும் முன்புதான். அந்த 3 வாரம் இன்னும் உறுத்துகிறது.

மகளுக்கு எக்ஸ்ரே சரியாக இருந்தது. ஆனாலும் 5 வயதுக்குள் என்பதால் தடுப்புக்கு 6 மாதம் ஐசோநியசிட் என்ற டிபி மாத்திரை. அதை விழுங்க வைத்தது தனிக் கதை.

டிபி நோயாளிக்கு அரசு தரும் மாதம் 1000 ரூபாய் ஊட்டச்சத்துப் பணத்துக்கு அப்பாவின் பாஸ்புக்கைக் கொடுத்தோம். கணக்கு முடங்கிக் கிடந்தது, 2 நடை வீண். முன்பே பார்த்துவிடுங்கள். இன்னொன்று, மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். அதில் உள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் வேலை அது, பயப்பட வேண்டாம். எங்களைப் போல ராத்திரியில் ஆட்டோ பிடிக்காதீர்கள்.

2 மாத முடிவில் சளியில் கிருமி இல்லை. ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துத் திறந்தே வைத்திருக்கிறோம். தட்டை மட்டும் அம்மா இன்னும் தனியாகத்தான் கழுவுகிறார்.