மற்ற வேலைக்கு நீங்கலானவர்கள்

தென் மாவட்டச் சேகரம் ஒன்றில், அதாவது ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள திருச்சபை வட்டாரத்தில், 22 ஆண்டுகள் பாடகர் குழுவை நடத்தினேன். குடும்ப ஜெபத்தில், வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டிலுள்ள நாளாகமம் என்னும் நூலின் பெயர்ப்பட்டியல்களைத் தாண்டிப் போவதே எங்கள் வீட்டு வழக்கம். கிறிஸ்துமஸ் கீத ஆராதனையில் யார் தனியாகப் பாடுவது என்று குழுவுக்குள் மனத்தாங்கல் எழுந்த ஒரு டிசம்பரில்தான் 1 நாளாகமம் 25ஆம் அதிகாரத்தை ஒரு பணியாளனாக வாசித்தேன். தாவீது அரசன் ஆலயப் பாட்டுக்கு ஏற்படுத்திய தலைவர்களில் ஆசாபுக்கு 4, எதுத்தூனுக்கு 6, ஏமானுக்கு 14 என 24 புதல்வர். முறைக்கு 12 பேராக மொத்தம் 288 தேர்ந்த பாடகர். யாருடைய முறை எப்போது என்பதைச் சிறியவனும் பெரியவனும், ஆசானும் மாணாக்கனும் சமமாக நின்று சீட்டுப் போட்டே தீர்மானித்தார்கள். அந்த ஆண்டு நாங்களும் சீட்டுப் போட்டோம். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பெயர் வந்தது. முப்பது ஆண்டுகளாகப் பாடிவந்த பெரியம்மா ஒருவரே அவளை உட்காரவைத்துப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தார்.

நாளாகமம் தாவீதுக்குப் பல நூற்றாண்டுகள் பின்னால் எழுதப்பட்டது என்பதே பெரும்பாலான அறிஞரின் கருத்து. ஆகையால் இந்த ஒழுங்கில் பாபிலோனிலிருந்து திரும்பிய யூதர் எருசலேமில் மறுபடி கட்டிய இரண்டாம் தேவாலயத்துப் பாடகரின் நடைமுறையும் கலந்திருக்கக்கூடும். எனக்கு அது குறையாகப் படவில்லை. அன்றாடம் அந்தப் பணியில் நின்றவர்களின் அனுபவம் அதில் படிந்திருப்பதாகவே உணர்கிறேன். அதே அதிகாரம் சுரமண்டலமும் தம்புருவும் கைத்தாளமும் கொண்டு அவர்கள் செய்ததைத் தீர்க்கதரிசனம் என்றே அழைக்கிறது. தம்புரு என்றதும் நம் காதில் சுருதிப்பெட்டியின் ரீங்காரம் எழுந்துவிடுகிறது. மூலத்தில் உள்ள நேவெல் அப்படிப்பட்டதன்று. நரம்புகளை மீட்டிப் பாட்டையே வாசிக்கும் யாழ் வகைக் கருவி அது.

தேர்ச்சியை அவர்கள் எவ்வளவு மதித்தார்கள் என்பதே என்னை அதிகம் கவர்ந்தது. தாவீதின் நாளில் கெனானியா என்ற லேவியன், அதாவது ஆலயப் பணிக்குரிய கோத்திரத்தான், பாட்டுக்குத் தலைவனானதற்கு வேதம் சொல்லும் காரணம், அவன் அதில் நிபுணன் என்பதுதான். அவன் மற்றவருக்குக் கற்பித்தும் வந்தான். யூதரின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா நூலோ, தன் பாடும் நுட்பத்தைப் பிறருக்குக் கற்றுக்கொடுக்க மறுத்த உக்ராஸ் என்ற லேவியனை இகழ்ச்சியோடு நினைவுகூர்கிறது. மேடையில் 12 லேவியருக்குக் குறையக்கூடாது என்றும், பாட்டுக்கு இனிமை சேர்க்கச் சிறுவர்கள் அவர்களுக்குக் கீழே நின்று பாடுவார்கள் என்றும் அதே நூல் கூறுகிறது. சிறுவர்களின் குரல் பாட்டுக்கே இனிமை சேர்ப்பதாக அவர்கள் கருதியதை வாசித்த பிறகு, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைப் பண்டிகை நாளுக்கு மட்டும் மேடையேற்றும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன்.

பாபிலோனிலிருந்து திரும்பியவர்களின் கணக்கை எஸ்றா எழுதுகிறபோது, லேவியர் 74 பேர் என்றும், ஆசாபின் வழிவந்த பாடகர் 128 பேர் என்றும் குறிக்கிறார். ஆலயம் இடிந்து, பாட இடமே இல்லாத அந்நிய தேசத்தில் தலைமுறைகளாக வாழ்ந்த பிறகும், பாடகர் என்ற அடையாளத்தை அந்தக் குடும்பங்கள் இழக்கவில்லை. பாடகர் இரவும் பகலும் பணியில் இருந்தபடியால் மற்ற வேலைக்கு நீங்கலாக ஆலய அறைகளில் தங்கினார்கள் என்றும் நாளாகமம் சொல்கிறது. அப்படியானால் அவர்களுக்குச் சோறு போட வேண்டியது சபையின் கடமை. யூதேயாவின் ஆளுநரான நெகேமியாவின் நாளில், கி.மு. 5ஆம் நூற்றாண்டில், அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பங்கு நின்றுபோனது. பாடகர் தத்தம் வயல்களுக்கு ஓடிப்போனார்கள்.

இந்த வசனத்தை நான் சேகரக் கமிட்டியில் வாசிக்க நேர்ந்தது. எங்கள் ஆர்கன் அண்ணாச்சிக்குக் கொடுத்துவந்த சிறு தொகையை, "பாடுவதும் வாசிப்பதும் ஊழியந்தானே, ஐயா" என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். நிபுணனைத் தேடிக் கண்டுபிடித்து, அவன் பிழைப்புக்கு வழிசெய்து, பிறகு அவனிடமிருந்து ஆராதனையை எதிர்பார்த்த ஒரு சமூகத்தின் வேதத்தைத்தான் நாம் கையில் வைத்திருக்கிறோம் என்று அன்று சொன்னேன். நெகேமியா அதிகாரிகளைக் கடிந்துகொண்டு, ஓடிப்போனவர்களைச் சேர்த்து அவரவர் நிலையில் நிறுத்தினார். எங்கள் கமிட்டி தொகையைத் திரும்பத் தர நான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் அண்ணாச்சி ஒரு கடையில் கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அங்கே ஞாயிறும் வேலைநாள். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் விடுப்புக் கேட்டு வந்து வாசித்தார்; மற்ற ஞாயிறுகளில் ஆர்கன் இல்லாமலே பாடினோம்.