கஜாவில் நனைந்த பேரேடுகள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. நாம் கடலிலிருந்து தள்ளித்தானே இருக்கிறோம், மழையோடு போய்விடும் என்றுதான் எங்கள் பக்கத்தில் பலரும் நினைத்தோம். புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் அது புகுந்து வந்த வேகம் யாரும் எதிர்பாராதது. அரிமளம், ராயவரம் பக்கம் தைலமரங்கள் முறிந்து சாலையில் கிடந்தன. ஆலங்குடி, கீரமங்கலம் பகுதியில் தென்னந்தோப்புகள் தோப்பாகவே சாய்ந்தன. தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய் இழப்பீடு, வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. தோப்பு இழந்தவர்களின் துயரத்துக்கு முன்னால் எங்கள் வீட்டு நட்டம் சிறியதுதான். ஆனாலும் எந்தக் கணக்கெடுப்பிலும் வராத நட்டம் அது. அதே நிலைமையில் இன்னொரு வீடு மாட்டிக்கொண்டால் உதவும் என்பதற்காக எழுதுகிறேன்.

நாங்கள் செட்டியார் குடும்பம். எங்கள் பூர்வீக வீடு அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் இருக்கிறது. பல புள்ளிகளுக்கு, அதாவது கிளைக் குடும்பங்களுக்கு, பொதுவான வீடு. குடியிருப்பது சின்னாத்தா மட்டும். நாட்டு ஓட்டுக் கூரையின் ஒரு மூலையைக் காற்று பிரித்துவிட்டது. அதற்கு நேர் கீழே, மாடி அறையில் ஒரு தேக்குப் பெட்டி. ஐயாவும் அவருடைய அப்பச்சியும் (அப்பாவும்) பர்மாவில் ரங்கூனிலும் போகலேயிலும் வட்டித் தொழில் செய்த காலத்துச் சிட்டைகள் (நாள் கணக்குகள்), பேரேடுகள், ஐந்தொகைகள் (வரவுசெலவு முடிவுக் கணக்குகள்), முத்திரைத்தாள்கள், கடிதங்கள், கல்யாணங்களுக்கு எழுதிய இசைகுடிமானங்கள் (திருமண ஒப்பந்த ஓலைகள்), ஓர் ஓலைக்கட்டு எல்லாம் அதில்தான் இருந்தன. காரைக்குடியிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டிக்குள் தண்ணீர் நின்றது.

நான் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவன். ஈரக் காகிதத்தில் இரண்டு மூன்று நாளுக்குள் பூஞ்சை பிடித்துவிடும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அந்தப் பாடம் வந்ததும் ஒரு பேரிடரிலிருந்துதான். 1966 நவம்பரில் இத்தாலியில் ஆர்னோ ஆறு பெருகி ஃபுளோரன்ஸ் நகரத்துத் தேசிய நூலகத்துக்குள் சேறும் எண்ணெயுமாகப் புகுந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களும் தாள்களும் பாழாயின. பல நாட்டு இளைஞர்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி அவற்றை வெளியே எடுத்தார்கள். புகையிலை உலர்த்தும் சூளைகளில்கூட வைத்துக் காயவைத்தார்கள். உடனே காயவைக்க முடியாததை உறைய வைத்துவிட்டு, அப்புறம் நிதானமாக உலர்த்தும் முறையெல்லாம் அதற்குப் பின்னால் பரவியதுதான். எங்களுக்கு அந்த வழியும் இல்லை. மின்கம்பங்கள் சாய்ந்து கரண்ட் போய்விட்டது. ஃபிரிட்ஜும் இல்லை, மின்விசிறியும் இல்லை. செல்போன் சிக்னல்கூட இல்லாததால் யாரையும் கேட்கவும் முடியவில்லை.

முதலில் செய்தது கூரைக்குத் தார்ப்பாய் போட்டதுதான். மேலே ஒழுக ஒழுகக் கீழே எதைக் காயவைப்பது? தார்ப்பாய்க்கு அந்த வாரம் எங்கும் தட்டுப்பாடு. பக்கத்து ஊர்க் கல்யாணப் பந்தல்காரர் தன்னிடமிருந்த பழையதைக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

அடுத்தது பெட்டியைக் காலி செய்வது. ஊறிய பேரேட்டைத் தாளைப் பிடித்துத் தூக்கினால் கையோடு வந்துவிடும். அடியில் தாம்பாளத்தைச் செருகி, அப்படியே ஏந்தித்தான் இறக்கினோம். சின்னாத்தாவுக்கு அதையெல்லாம் வெயிலில் பரப்ப வேண்டும் என்று ஒரே தவிப்பு. "ஏப்பா, வெயில் அடிக்கிறப்பவே காயப்போட்டா என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நேர் வெயில் பட்டால் தாள் முறுகி நெளிந்துவிடும், மை வெளிறிவிடும், தோல் அட்டை சுருங்கிவிடும் என்று சொன்னேன். சரி என்று சொல்லிவிட்டு, அப்புறம் என்னைவிட நிதானமாக வேலை செய்தது அவர்தான்.

விசிறிக்குப் பதில் வீடே உதவியது. இது நான் நன்றியோடு சொல்கிற விஷயம். வளவின், அதாவது உள்கட்டின், நடுவில் வானம் திறந்திருக்கும். சுற்றிலும் பத்தியில் (தாழ்வாரத்தில்) நிழல். முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். எல்லாக் கதவையும் திறந்து வைத்தால் காற்று நின்ற நேரமே இல்லை. சாரல் வந்தால் மட்டும் உள்ளே தள்ளிக்கொள்வோம். பத்தியில் பாய் விரித்து, பேரேடுகளை அட்டை லேசாக விரிய நிற்க வைத்தோம். சொட்டச் சொட்ட இருந்தவற்றைத் திறக்கவே கூடாது. படுக்க வைத்து, மேல் ஈரம் இறங்கின பிறகு, ஒரு விரற்கடைக்கு ஒரு தாள் என்று வெற்றுத்தாள் செருகினோம். அச்சடித்த செய்தித்தாள் செருகினால் அதன் மை ஒட்டும். அதனால் பள்ளிக்கூடத்து எழுதாத நோட்டுகளைப் பிரித்தோம். அது தீர்ந்ததும் பழைய வெள்ளை வேட்டிகளைக் கிழித்தோம். செருகியது ஊறியதும் மாற்ற வேண்டும். ராத்திரியும் அரிக்கேன் வெளிச்சத்தில் மாற்றினோம். அலுப்பான வேலைதான், ஆனால் காப்பாற்றியது அந்த மாற்றல்தான்.

கறுப்பு மையில் எழுதிய பேரேடுகள் தாக்குப்பிடித்தன. பழைய இரும்பு மை நாரோடு பிடித்துக்கொள்ளும், சுலபத்தில் கரையாது. பாழானது கடிதங்கள். அக்காலத்தில் காப்பியிங் பென்சில் என்று ஒன்று இருந்தது. உலர்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சில் போலச் சாம்பல் நிறம். தண்ணீர் பட்டால் கத்திரிப்பூ நிறச் சாயமாக விரிந்துவிடும். போகலேயிலிருந்து கடையின் அடுத்தாள் (உதவியாளர்) எழுதிய கடிதம் ஒன்றில் நெல் விலை எழுதிய வரி முழுவதும் ஊதாக் கறையாகப் பரவி, ஓரத்தில் "சேமம்" என்ற சொல் மட்டும் தப்பியிருந்தது. இப்படிப்பட்ட கடிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு நிமிடம்கூட வைக்கக் கூடாது. ஒரு தாளின் சாயம் அடுத்த தாளையும் கெடுத்துவிடும்.

காயவைக்கும்போது கண் படிக்காமல் இருக்குமா? எங்கள் குடும்பத்துக்கு இதற்கு முன் நேர்ந்த பேரிடர்களெல்லாம் அந்தத் தாள்களிலேயே வரிசையாக இருந்தன. 1930-ல் நெல் விலை சரிந்த பிறகு கடன் பணமாகத் திரும்பவில்லை, நிலமாகத் திரும்பியது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம். 1937-ல் 25 சதவீதம். வட்டிக்கு விட்டவருக்கும் சங்கடம், நிலத்தை இழந்த பர்மியருக்கு அதைவிடப் பெரிய சங்கடம். எங்கள் பேரேட்டில் அந்த விவசாயிகளின் பெயர்கள் இருக்கின்றன. படிக்கும்போது மனம் கனத்தது. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. எங்கள் கணக்கு அதற்குச் சில நாள் முன்னதாக நிற்கிறது, பிறகு வெற்றுப் பக்கங்கள்தான். பர்மாவை விட்டு அப்போது ஓடிவந்த இந்தியர் சுமார் ஐந்து லட்சம். காட்டு வழியில் செத்தவர்கள் ஏராளம். மிச்சமிருந்த நம்பிக்கையும் 1964-ல் முடிந்தது. வியாபாரங்கள் அரசுடைமையாயின; மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அந்த டிசம்பரில்தான் தனுஷ்கோடியைப் புயல் அழித்தது.

போகலே என்ற பெயரைச் சின்ன வயதில் பெரியவர்கள் வாயில் கேட்டிருக்கிறேன். செய்தியில் முதன்முதலாகப் பார்த்தது 2008 மே மாதம், நர்கீஸ் புயல் ஐராவதி டெல்டாவில் அடித்தபோது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக சுமார் 1,38,000 பேர். மிகவும் அடிபட்ட இடங்களில் போகலேயும் ஒன்று. நான் வேட்டித்துணி செருகிய பேரேட்டில் இருக்கும் ஊர்ப் பெயர்களில் எத்தனை ஊர் அந்த அலைக்குத் தப்பியதோ.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட புகைப்படத்தைப் பிய்க்கவே கூடாது, கண்ணாடியோடு சேர்த்தே காயவையுங்கள். ஒன்றோடொன்று ஒட்டிய படங்களைக் காயவிடாமல் சுத்தமான தண்ணீரில் மிதக்கவிட்டால் பெரும்பாலும் தானாக விடுபடும். ஓலைகளைக் கயிற்றை உருவி, வரிசை மாறாமல் எண் போட்டு, நிழலில் தனித்தனியாகப் பரப்பினோம். பூஞ்சை தெரிந்தால் ஈரமாக இருக்கும்போது துடைக்காதீர்கள், அது உள்ளே இழுவிவிடும். முழுவதும் காய்ந்த பிறகு, மூக்கைக் கட்டிக்கொண்டு, வாசலுக்கு வெளியே வைத்து மெல்லிய தூரிகையால் தட்ட வேண்டும்.

நடுவில் பழைய சாமான் வாங்குகிறவர் ஒருவர் வண்டியோடு வந்தார். ஈரத் தாளைக் கிலோக் கணக்கில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். தனியாக இருக்கும் முதியவர்கள் எத்தனை பேர் அந்த வாரம் சரி என்று சொல்லியிருப்பார்கள் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்துக் காத்த நூல்களால்தான் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமே உருவானது. அப்படிப்பட்ட மண்ணில் தாளை எடை போட்டு விற்க எனக்கு மனம் வரவில்லை.

கரண்ட் வந்த பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படமெடுத்து, எதில் என்ன இருக்கிறது என்று வயணம் எழுதினேன். கூரைக்கு நிரந்தர வேலை செய்ய பங்காளிகள் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். யாருக்கு எத்தனை பங்கு என்பதில் பல வருடமாகப் பேச்சு இழுபட்டுக்கொண்டிருந்தது. காய்ந்த கட்டுக்குள்ளேயே பழைய பாகக் கணக்கு இருந்தது. அதைப் படமெடுத்து சிங்கப்பூர், சென்னை, தேவகோட்டை என்று எல்லாருக்கும் அனுப்பினேன். ஆட்சேபணை வரவில்லை, பணம் வந்தது. கானாடுகாத்தான் பக்கம் இடித்த ஒரு வீட்டின் நாட்டு ஓடுகளையே வாங்கி அடுத்த சித்திரையில் வேய்ந்தோம். பேரேடுகள் இப்போது கீழ்க்கட்டில், வெளிச்சுவரை ஒட்டாத ஒரு பீரோவில் இருக்கின்றன. சாவி சின்னாத்தாவிடம்.