கச்சானுக்கு எதிரே: திருச்செந்தூர் – கன்னியாகுமரி சைக்கிள் நாட்குறிப்பு

ஜூலை 18 (ஆடி 2), இரவு, திருச்செந்தூர்

நாளை கடற்கரைச் சாலையில் கன்னியாகுமரிவரை, ஏறத்தாழ 90 கி.மீ. மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஆடியில் இந்த ரோட்டுக்கு மேடே காற்றுதான். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நெருக்கிப் புகுந்து வரும் கச்சான் என்னும் மேல்காற்று, வெயில் ஏற ஏற வலுக்கும். விடியுமுன் 4.30க்குக் கிளம்பினால் 9 மணிக்குள் உவரி. ஏழு மணிக்குப் புறப்பட்டால் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

மூட்டை பின் கேரியரின் இருபுறமும் தாழ்வாகத் தொங்க வேண்டும், பக்கத்துக்கு 5 கிலோ. கேரியர்மேல் கூடாரப் பையைக் குறுக்கே கட்டினால் பாய் விரித்த வள்ளந்தான். முன்சக்கரத்தில் பெரிய பை வேண்டாம். பக்கக் காற்று அதில் அடித்தால் ஹேண்டில் தானாகத் திரும்பும்.

32 எம்.எம். டயருக்குப் பின்னால் 70, முன்னால் 60 பி.எஸ்.ஐ. காற்று போதும். சீட் கம்பியில் கிரீஸ் தடவியாயிற்றா என்று இப்போதே பார்த்துவிடுவது நல்லது. உப்புக்காற்றில் அலுமினியக் கம்பி இரும்பு பிரேமோடு பிடித்துக்கொண்டால் பிறகு பட்டறைக்காரருக்குத்தான் வேலை.

ஜூலை 19, காலை 6.30, மணப்பாடு

குலசேகரன்பட்டினம் தாண்டி இதுவரை சாலை பெரும்பாலும் தெற்கே இறங்குகிறது, காற்று வலப்பக்கம். எதிர்காற்றைவிட இதுதான் ஆபத்து. காற்றுக்கு ஈடுகொடுக்க உடம்பும் வண்டியும் வலப்புறம் சாய்ந்தே ஓடும். பஸ் ஒன்று முந்தும்போது அதன் உடம்பு காற்றை மறைக்கும். சாய்மானத்துக்கு எதிர்ப்பு இல்லாமல் வண்டி பஸ் பக்கமே இழுக்கும். பஸ் போன மறுநொடி காற்று திரும்ப அறைந்து இடப்பக்க மண்ணில் தள்ளும். ஹார்ன் கேட்டதுமே வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலைத் தாழப் பிடித்து, தார் விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளேயே ஓட்ட வேண்டும். விளிம்பை ஒட்டினால் தள்ளு வாங்க இடம் இருக்காது.

சேர்ந்து ஓட்டுகிறவர்கள் நேர் பின்னால் வந்து பயனில்லை. காற்று வலமிருந்து வந்தால், முன்னவரின் இடப்பின் பக்கத்தில்தான் மறைவு கிடைக்கும். இந்த அகல ரோட்டில் இரண்டு பேருக்கு மேல் அது நடக்காது.

காலை 9.15, உவரி

மணப்பாட்டுக்கு அப்புறம் கரை மேற்கே மடங்குகிறது. பெரியதாழைக்குப் பின் கச்சான் முகத்துக்கு நேர். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு எதிரே 15 கி.மீ. காற்று அடித்தால், காற்றின் தடை இருமடங்கல்ல, நான்கு மடங்கு. ஆகவே மீட்டரைப் பார்த்து மிதிக்கக் கூடாது. கியரை இளக்கி, நிமிடத்துக்கு 75–80 சுற்று மிதி. வேகம் 11 என்றால் 11.

வழியில் தார்மேல் மணல் திட்டுகள். முன் பிரேக்கைத் தொடாமல், ஹேண்டிலைத் திருப்பாமல், இளகிய கியரில் மிதித்துக்கொண்டே கடக்கலாம். திட்டு இரண்டு சைக்கிள் நீளத்துக்கு மேல் இருந்தால் இறங்கித் தள்ளுவதே புத்தி.

பஞ்சருக்குக் காரணம் உடைமுள். குத்திய முள் டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும். டியூபை மட்டும் மாற்றினால் அடுத்த கிலோமீட்டரில் மறுபடியும் பஞ்சர். துணியை டயரின் உட்புறம் சுற்றித் தேய்த்தால் முள் துணியில் மாட்டும். ஒட்டுப் போடுவதை இங்கே செய்ய வேண்டாம். சொல்யூஷன் காய்கிற ஐந்து நிமிஷத்துக்குள் சவத்துக் காற்று அதன்மேல் மணலைத் தூவிவிடும். வழியில் மாற்று டியூப், ஒட்டெல்லாம் ராத்திரி அறைக்குள்.

தண்ணீர் மூன்று லிட்டர் நிரப்பியாயிற்று. வியர்வையைக் காற்றே துடைத்துவிடுவதால் தாகம் தெரியாது. 20 நிமிஷத்துக்கு ஒரு மிடறு, உப்புப் போட்ட மோர் கிடைத்தால் விடக் கூடாது. உடன்குடிக் கருப்பட்டி ஒரு துண்டு வாயில் அடக்கினால், மிட்டாயைவிட நின்று சக்தி தருவதாகத் தோன்றும். சர்க்கரை சர்க்கரைதான், ருசி வேறு.

மாலை 4, கன்னியாகுமரி

கூடங்குளத்தைச் சுற்றிக் காற்றாலைகள். இறக்கைகள் எந்தப் பக்கம் முகம் காட்டுகின்றனவோ அங்கிருந்துதான் காற்று. அடுத்த வளைவில் என்ன கிடைக்கும் என்பதை அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். நடுப்பகலில் ஒரு மணி நேரம் ஓய்ந்திருந்தது நல்லதாயிற்று.

ஜூலை 20, காலை

முதலில் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவ வேண்டும். குழாயைப் பீய்ச்சி அடித்தால் மணல் பேரிங்குக்குள் ஏறும். செயினில் பழைய எண்ணெயும் மணலும் சேர்ந்து சாணைக்கல் ஆகியிருக்கும்; மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காயவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டு, மேலே வழிந்ததைத் துடை. 24 கண்ணி 12 அங்குலம் இருக்க வேண்டும். 1/16 அங்குலம் கூடியிருந்தால் புதுச் செயின். பிரேக் கட்டையில் பதிந்த மணலை ஊசியால் நெம்பாவிட்டால் ரிம்மை அறுத்துவிடும்.

இதே ரோட்டில் திரும்பும்போது கச்சான் முதுகில் தள்ளும். அப்போது காதில் காற்றின் சத்தமே கேட்காது. பின்னால் வரும் லாரிச் சத்தம் தெளிவாகக் கேட்கும்.